பூச்சி எதிர்ப்பு: யார் யாரை எதிர்ப்பது?

"பூச்சி எதிர்ப்புத் திறன் கூடியிருக்கிறது" என்று ஒரு வரி கண்ணில் பட்டால் அது நல்ல செய்தியா, கெட்ட செய்தியா? தமிழில் இந்தத் தொடரை இரண்டு விதமாகவும் வாசிக்கலாம். பயிர் பூச்சியை எதிர்க்கிறது என்றால் விவசாயிக்குக் கொண்டாட்டம். பூச்சி, பயிரில் இருக்கும் நஞ்சை எதிர்க்கிறது என்றால் திண்டாட்டம். ஆங்கிலத்திலும் இதே குழப்பம் உண்டு.

சில மாதங்களாக பி.டி. பருத்தி பற்றிக் கையில் கிடைத்ததையெல்லாம் படித்துக்கொண்டிருக்கிறேன். படித்ததில் பாதிக்கு மேல், இந்த இரண்டு எதிர்ப்புகளில் ஒன்றை மட்டும் பேசிவிட்டு இன்னொன்றைக் கண்டுகொள்ளாமல் போய்விடுகிறது. அந்த எழுத்துகள் மேல் எனக்கு இருக்கும் மனக்குறையைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் விவசாயி இல்லை, பூச்சியியல் படித்தவனும் இல்லை. பி.இ. முடித்துவிட்டு இருபது வருஷத்துக்கும் மேலாக சாஃப்ட்வேர் எழுதிப் பிழைப்பவன். ஆனால் "இந்தப் பொருள் வேலை செய்யுது" என்று ஒருத்தர் சொன்னால் "எங்கே, யார் கையில், எத்தனை நாளைக்கு?" என்று கேட்பது எங்கள் தொழிலில் ஊறிப்போன பழக்கம்.

இரண்டு வகைக் கட்டுரைகள்

முதல் வகைக் கட்டுரை ஒரு வரைபடத்தோடு வரும். 2002-ல் இந்தியாவில் பி.டி. பருத்திக்கு அனுமதி கிடைத்தது. அதற்கு முன் ஹெக்டேருக்குச் சுமார் 300 கிலோ பஞ்சு. 2007-08 வாக்கில் அது 550 கிலோவைத் தொட்டது. கோடு மேலே ஏறுகிறது, கட்டுரை அங்கேயே முடிகிறது. அதற்குப் பிறகு கோடு தட்டையாகி 500க்குக் கீழே இறங்கியது வரைபடத்துக்குள் வராது. அதே வருஷங்களில் குஜராத்தில் பாசனம் பெருகியதும், உரப் பயன்பாடு கூடியதும், வீரிய ஒட்டு விதைகள் பரவியதும் அடிக்குறிப்பில்கூட இடம்பெறாது.

இரண்டாம் வகைக் கட்டுரை, கோடு இறங்கும் இடத்தில்தான் தொடங்கும். இளஞ்சிவப்பு காய்ப்புழு திரும்பி வந்துவிட்டது, ஆகவே மரபணு மாற்றமே மோசடி, இயற்கையோடு விளையாடினால் இப்படித்தான் ஆகும் என்று முடியும். படிக்க விறுவிறுப்பாகத்தான் இருக்கும். ஆனால் இடையில் என்ன நடந்தது என்ற விளக்கம் இருக்காது.

இரண்டு தரப்புமே விதையைத்தான் உற்றுப் பார்க்கின்றன. ஒன்று விதையைப் புகழ்கிறது, மற்றது திட்டுகிறது. எனக்கு இது சரியாகப் படவில்லை. ஏன் என்று சொல்ல, ஒரே மரபணு, ஒரே புழு, மூன்று நாடுகள் என்று ஒரு கதை இருக்கிறது. அதற்கு முன் கொஞ்சம் அடிப்படை.

கொஞ்சம் கணக்கு

பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்பது மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியா. பி.டி. என்பது அந்தப் பெயரின் சுருக்கம். அது உண்டாக்கும் கிரை வகைப் புரதங்களில் சில, புழுக்களின் குடலில் இருக்கும் குறிப்பிட்ட ஏற்பிகளோடு ஒட்டி, குடல் சுவரில் ஓட்டை போடும். புழு செத்துவிடும். அந்தப் புரதத்தைச் செய்யும் மரபணுவைப் பருத்திக்குள் வைத்தால் செடியே மருந்தாகிவிடுகிறது. முதலில் வந்தது கிரை 1ஏசி என்ற ஒற்றைப் புரதம். 2006-ல் கிரை 2ஏபியும் சேர்ந்து இரட்டை மரபணு விதை வந்தது.

இளஞ்சிவப்பு காய்ப்புழு காய்க்குள் புகுந்து விதையைத் தின்னும். வெளியே இருந்து பார்த்தால் தெரியாது, மருந்து அடித்தாலும் உள்ளே எட்டாது. அதனால்தான் செடிக்குள்ளேயே நஞ்சு இருப்பது இதற்குச் சரியான ஆயுதமாகத் தெரிந்தது.

இந்தப் புழுக்களில் எங்கோ ஒன்றிரண்டுக்கு அந்த ஏற்பி கோணலாக அமைந்திருக்கும். சாவி பூட்டில் நுழையாது, புழு பிழைத்துவிடும். பேச்சுக்கு, இந்தக் கோணல் மரபணு ஆயிரத்தில் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். அம்மா, அப்பா இருவரிடமிருந்தும் அதைப் பெற்ற புழு பத்து லட்சத்தில் ஒன்றுதான் இருக்கும். ஒரு பக்கம் மட்டும் பெற்ற புழு, நஞ்சு போதுமான அளவு இருந்தால் செத்துவிடும். ஆக, வயல் முழுக்க பி.டி. செடியாக இருந்தால் பிழைப்பது அந்தப் பத்து லட்சத்தில் ஒன்றுகள் மட்டும்தான். ஜோடி தேடும்போது அதுகளுக்குக் கிடைப்பது அதே மாதிரி பிழைத்த இன்னொன்று. பிறக்கும் பிள்ளைகள் அத்தனையும் நஞ்சுக்கு அசராதவை.

இப்போது பக்கத்தில் கொஞ்சம் சாதாரணப் பருத்தி இருக்கிறது என்று வையுங்கள். அங்கே நஞ்சே பார்க்காத அந்துப்பூச்சிகள் ஆயிரக்கணக்கில் உருவாகும். பிழைத்த அந்த ஒன்று போய்ச் சேர்வது அநேகமாக இவற்றில் ஒன்றோடுதான். பிள்ளைகளுக்குக் கோணல் மரபணு ஒரு பக்கம் மட்டும் வரும். அவை பி.டி. செடியைத் தின்றால் சாகும். இந்தச் சாதாரணப் பருத்திக்குப் பெயர் புகலிடப் பயிர். புழுவுக்கு நாம் விட்டுக்கொடுக்கும் நிலம்.

மூன்று நாடுகள்

அமெரிக்காவின் அரிசோனாவில் 1996-ல் பி.டி. பருத்தி வந்தது. சுமார் பத்து வருஷம் விவசாயிகள் புகலிடப் பயிரைப் பெரும்பாலும் ஒழுங்காகப் போட்டார்கள். பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வருஷா வருஷம் வயலில் இருந்து புழுக்களைப் பிடித்து வந்து சோதித்தார்கள். 2006-லிருந்து உத்தியை மாற்றினார்கள். மலட்டு அந்துப்பூச்சிகளைக் கோடிக்கணக்கில் வளர்த்து விமானத்திலிருந்து வயல்களில் விட்டார்கள். பிழைத்த ஒன்றிரண்டுக்கும் மலட்டு ஜோடிதான் கிடைக்கும். 2018-ல் அமெரிக்கப் பருத்தி நிலங்களில் இந்தப் புழு ஒழிந்துவிட்டதாக அந்நாட்டு வேளாண் துறை அறிவித்தது.

சீனாவின் யாங்சி பள்ளத்தாக்கில் நடந்தது இன்னும் சுவாரஸ்யம். அங்கே புகலிடம் என்று யாரும் திட்டமிட்டு ஒதுக்கவில்லை. எதிர்ப்பு மெல்ல ஏறத் தொடங்கியது. அந்த நேரத்தில் பல விவசாயிகள் விதைச் செலவை மிச்சம் பிடிக்க, ஒட்டு விதையின் இரண்டாம் தலைமுறை விதையைப் போட ஆரம்பித்தார்கள். பி.டி.யும் சாதாரணமும் கலந்த ஒட்டின் இரண்டாம் தலைமுறையில் நாலில் ஒரு செடிக்கு பி.டி. மரபணு வராது. பள்ளிக்கூடத்தில் படித்த அதே மெண்டல் கணக்குதான். காசை மிச்சம் பிடிக்கப் போய், அறியாமலேயே வயல் நடுவில் புகலிடச் செடிகளை நட்டுவிட்டார்கள். ஏறிக்கொண்டிருந்த எதிர்ப்பு இறங்கத் தொடங்கியது. ஆறு மாகாணங்களில் பதினோரு வருஷம் கண்காணித்து, 2017-ல் இதை வெளியிட்டார்கள்.

இந்தியாவில்? 2010-ல் குஜராத்தின் அம்ரேலி, பாவ்நகர், ஜூனாகத், ராஜ்கோட் மாவட்டங்களில் ஒற்றை மரபணுப் பருத்தியை இளஞ்சிவப்பு காய்ப்புழு தாங்கிக்கொண்டுவிட்டதாக அந்தத் தொழில்நுட்பத்தை உருவாக்கிய நிறுவனமே சொன்னது. இரட்டை மரபணு விதையும் நெடுநாள் நிற்கவில்லை. 2014-15 வாக்கில் குஜராத்தில் அதிலும் புழு. 2017-ல் மகாராஷ்டிராவின் விதர்பாவில் காய் காயாகப் போனது.

இரட்டைப் பூட்டு ஏன் இவ்வளவு சீக்கிரம் திறந்தது? ஒற்றை மரபணு விதையும் இரட்டை மரபணு விதையும் பல வருஷம் ஒரே பகுதியில் சேர்ந்தே பயிராயின. முதல் பூட்டைத் திறக்க ஒற்றை மரபணு வயலில் பழகிய புழுவுக்கு, இரட்டை வயலில் மிச்சம் இருந்தது ஒரு பூட்டுதான். இதோடு நம்முடைய ஒட்டு ரகங்களில் பல, ஆறு மாதமும் அதற்கு மேலும் வயலில் நிற்பவை. இளஞ்சிவப்பு காய்ப்புழு பருவத்தின் கடைசியில் பெருகுவது. தண்ணீர் இருக்கிறதே என்று பயிரை நீட்டிக்க நீட்டிக்க, புழுவுக்குக் கூடுதலாக ஒரு தலைமுறை, இரண்டு தலைமுறை கிடைத்துவிடுகிறது.

இன்னொரு விஷயம். பி.டி. பருத்தியைக் கொண்டுவந்ததே முக்கியமாகப் பச்சைக் காய்ப்புழுவுக்காக. அந்தப் புழு துவரை, கொண்டைக்கடலை, தக்காளி என்று எதையும் தின்னும். இந்தப் பயிர்களில் பி.டி. கிடையாது. அதனால் யாரும் ஏற்பாடு செய்யாமலே நாடு முழுக்க அதற்குப் புகலிடம் இருந்தது. இளஞ்சிவப்பு காய்ப்புழுவோ கிட்டத்தட்ட பருத்தியையே நம்பி வாழ்வது. பருத்தி நிலத்தில் 90 சதவீதத்துக்கு மேல் பி.டி. ஆனபோது அதற்குப் புகலிடம் இல்லாமல் போனது. ஒரே வயலில், ஒரே நஞ்சைச் சந்தித்த இரண்டு புழுக்களில் வயலை முதலில் வாரிக்கொண்டு போனது இரண்டாவதுதான்.

இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் எனக்குத் தோன்றுவது: எதிர்ப்பு என்பது விதைக்குள் மட்டும் இருக்கும் குணம் இல்லை. விதை, பக்கத்து வயல், பயிர்க்காலம், புழுவின் சாப்பாட்டுப் பழக்கம் எல்லாம் சேர்ந்த ஏற்பாடு அது. வெற்றி தோல்வி இரண்டையும் விதையின் கணக்கிலேயே எழுதுகிற கட்டுரைகள் கோட்டைவிடுவது இதைத்தான்.

சித்தப்பா வீட்டுப் பொட்டலம்

"இந்தியாவில் புகலிட விதி இல்லையா?" என்று கேட்பீர்கள். இருந்தது, எழுத்தில் கறாராகவே இருந்தது. பரப்பில் 20 சதவீதம் அல்லது சுற்றிலும் ஐந்து வரிசை, எது அதிகமோ அது. 450 கிராம் பி.டி. விதையோடு 120 கிராம் சாதாரண விதை தனிப் பொட்டலமாகச் சேர்ந்தே வரும்.

பெரம்பலூர் பக்கம் பருத்தி போடும் சித்தப்பா வீட்டு மாட்டுக்கொட்டகையில், விட்டத்துக்கும் ஓலைக்கும் நடுவே செருகியிருந்த அந்தப் பொட்டலங்களை நானே பார்த்திருக்கிறேன். பிரிக்காமல் அப்படியே இருந்தன.

"இதை ஏன் சித்தப்பா போடலை?"

"அதுல புழு வரும்ப்பா."

"வரணும்னுதான் குடுக்குறாங்க."

சித்தப்பா என்னை ஒரு மாதிரி பார்த்தார். "காசு குடுத்து விதை வாங்கி, உழுது, களை எடுத்து, புழுவுக்குன்னு அஞ்சு வரிசை ஒதுக்கணுமா? பக்கத்துக் காட்டுக்காரன் ஒதுக்குனானா? நான் மட்டும் ஒதுக்குனா என் காட்டுக்குத்தானே நட்டம்?"

எனக்கு அன்றைக்குப் பதில் வரவில்லை. அவர் கணக்கில் தப்பே இல்லை. புகலிடத்தால் வரும் நஷ்டம் அவருடையது, இந்த வருஷத்தது. அதனால் வரும் லாபம் ஊருக்கு, பத்து வருஷம் கழித்து. ஐந்து ஏக்கர்காரரைப் பார்த்து "நீங்கள் பொதுநலமாக நடக்கவில்லை" என்று அறிக்கை எழுதுவது சுலபம். இந்தத் தோல்வியைப் பேசும் பல ஆவணங்களில் "விவசாயிகள் புகலிட விதியைக் கடைப்பிடிக்கவில்லை" என்ற வாக்கியம் வருகிறது. அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும்.

எங்கள் தொழிலில் இதற்கு ஒரு பாடம் உண்டு. பாதுகாப்பு அமைப்பை டீஃபால்ட்டாக அணைத்து வைத்துவிட்டு, "பயனர் போய் அதை இயக்கிக்கொள்ள வேண்டும்" என்று கையேட்டில் எழுதினால் யாரும் இயக்க மாட்டார்கள். கோளாறு வந்தால் பழி பயனர் மேல் இல்லை, அப்படி வடிவமைத்தவர் மேல். தனிப் பொட்டலம் என்பது டீஃபால்ட்டாக அணைத்து வைத்த பாதுகாப்புதான். இதைப் பின்னால் உணர்ந்து, சாதாரண விதையைப் பைக்குள்ளேயே கலந்து கொடுக்கும் முறைக்கு வந்தார்கள். அதற்குள் குஜராத்திலும் மகாராஷ்டிராவிலும் புழு முந்திக்கொண்டது. சீன விவசாயி அறியாமல் செய்ததும் பைக்குள் கலந்த விதைதான் என்பதை நினைத்தால் இன்னும் வலிக்கிறது.

மரபணு மாற்றம்தான் குற்றவாளியா?

இப்போது இரண்டாம் வகைக் கட்டுரைகளிடம் ஒரு கேள்வி. மரபணு மாற்றமே இல்லாத நெல்லில் என்ன நடந்தது?

பிலிப்பைன்ஸின் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் 1973-ல் ஐ.ஆர். 26 ரகத்தைக் கொண்டுவந்தது. புகையானைத் தாங்கும் ஒரு மரபணுவை வழக்கமான கலப்பு முறையிலேயே சேர்த்திருந்தார்கள். இரண்டு மூன்று வருஷங்களில் அதைத் தின்னும் புகையான் வகை பெருகிவிட்டது. 1976-ல் வேறொரு மரபணுவோடு ஐ.ஆர். 36 வந்தது. அதையும் காலப்போக்கில் புகையான் சமாளித்தது. 1986-ல் இந்தோனேசியா வேறு பக்கம் திரும்பியது. நெல்லுக்கு அடித்துவந்த 57 பூச்சிக்கொல்லிகளுக்கு அந்நாட்டு அரசு தடை போட்டது. காரணம், அந்த மருந்துகள் புகையானைத் தின்னும் சிலந்திகளையும் மற்ற நல்ல பூச்சிகளையும் முதலில் கொன்றன. எதிரி இல்லாத வயலில் புகையான் இன்னும் வேகமாகப் பெருகியது.

ஆக, மரபணு சோதனைக்கூடத்தில் நுழைந்ததா, மகரந்தத்தோடு நுழைந்ததா என்று பூச்சி பார்ப்பதில்லை. ஒரே ஒரு மரபணுவை லட்சக்கணக்கான ஹெக்டேரில் பரப்பினால், அதைத் தாண்டும் பூச்சியை நாமே பொறுக்கி எடுத்துக் கொடுக்கிறோம். மரபணு மாற்றத்தை எதிர்க்க வேறு நியாயமான காரணங்கள் இருக்கலாம். விதை உரிமை, விலை, தேர்வு செய்யும் சுதந்திரம் எல்லாம் பேச வேண்டியவைதான். ஆனால் "புழு திரும்பி வந்தது, ஆகவே மரபணு மாற்றம் தப்பு" என்ற வாதம் ஐ.ஆர். 26-ஐத் தாண்டி நிற்காது.

கொல்வதைத் தவிர வேறு வழி

1951-ல் அமெரிக்கப் பூச்சியியலாளர் ரெஜினால்ட் பெயின்டர் பயிரின் எதிர்ப்பை மூன்றாகப் பிரித்தார். பூச்சி அந்தச் செடியை விரும்பாமல் போவது ஒன்று. செடியைத் தின்ற பூச்சி சாவது அல்லது நலிவது இரண்டாவது. பூச்சி தின்றாலும் செடி தாங்கிக்கொண்டு விளைவது மூன்றாவது. எழுபது வருஷத்துக்கு மேல் ஆகியும், இந்தத் துறையில் இறங்குகிற யாரும் கடந்துவராமல் இருக்க முடியாத பகுப்பு இது.

இதில் பி.டி. இரண்டாவது வகை. பரப்பளவு கூடக்கூட, பிழைத்த பூச்சிக்குக் கிடைக்கும் ஆதாயமும் கூடும். மூன்றாவது வகையில் பூச்சி சாவதில்லை, அதனால் மாறவேண்டிய நெருக்கடியும் அதற்குக் குறைவு. 19-ஆம் நூற்றாண்டில் ஃபிலாக்ஸெரா என்ற வேர்ப்பூச்சி பிரான்சின் திராட்சைத் தோட்டங்களை அழித்தபோது, அமெரிக்கத் திராட்சையின் வேர்க்கட்டையில் பிரெஞ்சுக் கொடியை ஒட்டு வைத்துப் பிழைத்தார்கள். அந்த வேர், கடிபட்ட காயத்தைப் பெருமளவு தாங்கும். நல்ல வேர்க்கட்டைகள் இன்றைக்கும் வேலை செய்கின்றன.

முதல் வகையிலும் சிக்கல் இல்லாமல் இல்லை. பருத்தி இலையில் ரோமம் அடர்த்தியாக இருந்தால் தத்துப்பூச்சி அண்டாது. அதே ரோமம் வெள்ளை ஈக்குப் பிடிக்கும். பி.டி. நஞ்சு, சாறு உறிஞ்சும் இந்தப் பூச்சிகளை ஒன்றும் செய்யாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2015-ல் பஞ்சாபில் பி.டி. பருத்தி வயல்களை அழித்தது வெள்ளை ஈதான். ஒரு பூச்சிக்கு எதிர்ப்பு என்று விதைப் பையில் போட்டால், மற்ற பூச்சிகளுக்கு என்ன என்ற கேள்வியும் கூடவே அச்சிடப்பட வேண்டும்.

என்ன கேட்க வேண்டும்

2017-ல் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்தடித்தவர்களில் 20க்கும் மேற்பட்டோர் நஞ்சேறி இறந்துபோனார்கள். ஆள் உயரத்துக்கு வளர்ந்த செடி, கலந்து அடித்த மருந்துகள், பாதுகாப்பு உடை இல்லாதது என்று காரணங்கள் பல. மருந்தின் தேவையைக் குறைக்கும் என்று சொல்லி விற்ற விதைதான் அந்த வயல்களிலும் இருந்தது. எதிர்ப்பு உடைந்தால் விலை கொடுப்பவர் வரைபடம் வரைபவர் இல்லை.

ஆகவே அடுத்த முறை ஒரு "பூச்சி எதிர்ப்பு ரகம்" பற்றி யாராவது எழுதினால், புகழ்ந்தாலும் சரி, திட்டினாலும் சரி, நான் தேடப்போவது நான்கு விஷயங்களை. எந்தப் பூச்சி, அதற்கு வேறு சாப்பாடு உண்டா? புகலிடம் யார் செலவில்? பயிர் எத்தனை மாதம் வயலில் நிற்கும்? எதிர்ப்பு உடைகிறதா என்று வருஷா வருஷம் சோதிப்பது யார், அந்த முடிவு விவசாயிக்கு எப்போது தெரியும்? இந்த நான்கும் இல்லாத கட்டுரை விளம்பரமாக இருக்கும், அல்லது வசையாக இருக்கும்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது சித்தப்பா பருத்தி மாரை அடியோடு பிடுங்கிக் குவித்திருந்தார். முன்பெல்லாம் மாசி வரை விட்டு வைத்து, கடைசிக் காயையும் பறிப்பார். இப்போது மார்கழியோடு முடித்துவிடுகிறார். காட்டில் இனக்கவர்ச்சிப் பொறி நான்கைந்து தொங்கியது. புகலிடம் பற்றி நான் மறுபடி பேச்செடுக்கவில்லை. அவராகவே சொன்னார்: "ஊரே ஒண்ணா ஒரே வாரத்துல மார் பிடுங்கிட்டோம்ப்பா. ஒருத்தன் விட்டாலும் பிரயோஜனமில்லன்னு கூட்டம் போட்டுப் பேசுனோம்."

அன்றைக்கு மாட்டுக்கொட்டகையில் அவர் கேட்ட கேள்விக்கு நான் தேடிக்கொண்டிருந்த பதில் இதுதான். "பக்கத்துக் காட்டுக்காரன் செய்தானா?" என்று கேட்டவர், பக்கத்துக் காட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.